மூன்றாம் மாடிப் பெருக்கல் குறி

கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் சொட்டு மருந்துப் பெட்டியை அவர் தோளில் மாட்டிவிட்டேன்.

முழங்கால் வலிக்கிறது என்று சொல்லத்தான் வந்தார். எனக்குத் தெரியாதா? எதிர்க் கட்டடத்தில் நாலு மாடியும் குடுகுடுவென்று ஏறி இறங்குகிற மனிதர். இந்தக் கட்டடத்து வாசலுக்கு வந்ததும் மட்டும் அந்த முழங்கால் மக்கர் செய்யும்.

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தையல்காரி. போலியோ சொட்டு மருந்து போடும் நாட்களில் மெஷினுக்கு உறையைப் போட்டுவிட்டு அவரோடு கிளம்பிவிடுவேன். எங்களை யாரும் கூப்பிடவில்லை, நாங்களாகப் போய் ஒட்டிக்கொண்டவர்கள்.

“பஸ் படியில காலை இழுத்து இழுத்து ஏறினவங்களுக்காக நான் விசில் ஊதாம நின்ன நேரத்தைச் சேர்த்தா, அதுவே ஒரு வருஷ சர்வீஸ் வரும் டெய்லரம்மா” என்பார். அதனால்தான் இந்த வேலைக்கு வந்தாராம்.

ஊர்க்கதை எல்லாம் பேசுவார். வீட்டுக் கதை மட்டும் வராது. மகள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டாள், இவர் போகவில்லை என்று பழைய டிப்போக்காரர்கள் சொல்லிக் கேள்வி. அதைப் பற்றி நான் ஆரம்பித்தால், பெட்டியில் ஐஸ் இருக்கிறதா என்று திறந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

வேலையில் கெட்டிக்காரர். குனிந்து “ரைட் ரைட்!” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், அழுகிற குழந்தையும் அசந்துபோய் வாயைப் பிளக்கும். ரெண்டு சொட்டு. இடது கை சுண்டுவிரலில் மை. கதவில் சாக்பீஸால் ஒரு டிக். அடுத்த வீடு.

மருந்து போடாமல் ஒரு குழந்தை விட்டுப்போன வீடு என்றால் கதவில் பெருக்கல் குறி. எங்கள் தெருவில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பெருக்கல் குறி, மூன்றாம் மாடியின் பச்சைக் கதவில். புதிதாகக் குடிவந்தவர்கள்.

அது என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு முறையும் நான்தான் ஏறிப் போவேன். நாங்கள் ரெண்டு பேரும் தெருவில் வருவதை அந்தப் பெண் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் நிற்பாள். அப்படியும் கதவைப் பாதி திறந்து, “தனியாவா வந்தீங்க அக்கா?” என்று கேட்பாள். என் தோளுக்கு மேலே படிக்கட்டை எட்டிப் பார்ப்பாள். குழந்தைக்கு இன்னும் மருந்து போடவில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று சிரித்துக்கொண்டே சாத்திவிடுவாள்.

உலகம் முழுக்க யார் யாரோ இதே மாதிரிப் பெட்டியைச் சுமந்துகொண்டு மலையும் ஆறும் தாண்டிப் போகிறார்கள். எனக்கு மூன்று மாடி ஏறி ஒரு குழந்தையின் வாயில் ரெண்டு சொட்டு விட வக்கில்லை. அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதை நினைத்தாலே எனக்குத் தையல் கோணலாகப் போகும்.

அதனால்தான் இன்றைக்குக் கண்டக்டர். அவருடைய ‘ரைட் ரைட்’டுக்கு மசியாத வீடு உண்டா?

படியில் எனக்குப் பின்னால் மெதுவாக வந்தார். முதல் மாடியில் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். இரண்டாம் மாடியில் சீப்பை எடுத்துத் தலை வாரினார். இருக்கிற நாலு முடிக்கு இத்தனை அலங்காரமா என்று கேட்டேன். சீப்பைப் பையில் வைத்தவர், மறுபடியும் எடுத்து ஒரு முறை வாரினார்.

கதவை நான்தான் தட்டினேன்.

அவள் பாதி திறந்தாள். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு கதவை முழுக்கத் திறந்தாள்.

இடுப்பில் குண்டுக் கன்னத்தோடு ஒரு குட்டி. அதன் இடது கை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

இவ்வளவு சுலபமா என்று நான் மலைத்துப்போனேன்.

கண்டக்டர் பெட்டியைத் திறந்து மருந்துக் குப்பியை எடுத்தார். ‘ரைட் ரைட்’ வரவில்லை. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்தவர், நின்ற இடத்தில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

குழந்தை குப்பியைப் பார்த்ததும், ரொம்பப் பழக்கம் போல, தானே வாயைத் திறந்தது.

ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

மை வைக்க இடது கை வேண்டும் என்று சைகை காட்டினார். அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு அந்தக் கையை முன்னால் எடுத்து நீட்டினாள்.

சுண்டுவிரலில் ஏற்கெனவே மை இருந்தது. நேற்று பஸ் நிலையத்து முகாமில் வைத்ததாகத்தான் இருக்க வேண்டும், இன்னும் கறுகறுவென்று. நகத்தின் நுனியில் போன தடவை வைத்ததும் ஒரு மெல்லிய கோடாக மிச்சமிருந்தது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! கூடுதலாக ரெண்டு சொட்டால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் ஒழுங்காகப் போட்ட மருந்தைப் போடவில்லை என்று சொல்லி, இத்தனை நாள் என்னைப் படியேற வைத்திருக்கிறாளே. ஏன் என்று கேட்க வாயெடுத்தேன்.

கண்டக்டர் அந்தச் சின்ன விரலைப் பிடித்தபடியே நின்றார். மை வைக்கவும் இல்லை, கையை விடவும் இல்லை.

அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.

“அப்பா, அடுத்த தடவை பெட்டி இல்லாமயும் வரலாம்” என்றாள்.