செருமல்

"இன்னும் கறுப்பாத்தான் இருக்கா தம்பி?"

ஹாலிலிருந்தபடியே கேட்டார் பட்டாபிராமன். எதிரே முதல் காபியில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"ஆமா சார்," என்று உள்ளறையிலிருந்து முகுந்தன் பதில் சொன்னான். "லினக்ஸுக்கு இந்தப் பழைய லேப்டாப்போட கிராஃபிக்ஸ் கார்டு பிடிபடலை. வேற டிரைவர் சாஃப்ட்வேர் போட்டுப் பார்க்கிறேன்."

பெண் பார்க்க வந்த பையனை ரிப்பேருக்கு உட்கார வைத்தவர் செம்பாக்கத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் காரணம் இருந்தது.

சேலையூரில் அவருடைய ஒன்றுவிட்ட தங்கை மகளை, 'சாஃப்ட்வேர்' என்று சொல்லிக் கட்டிக்கொண்டு போனவனுக்கு வேலையே இல்லை என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. தன் மகள் ஸஹானாவுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது. பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியை வைத்து ஸஹானா லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றியிருந்தாள். அன்றிலிருந்து திரை கறுப்பாகவே நின்றது. "தம்பி சாஃப்ட்வேர்தானே, கொஞ்சம் பாருங்களேன்" என்று முகுந்தன் கையில் அதைக் கொடுத்துவிட்டார். பையனின் சாயம் வெளுக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வழக்கமாக அவர் வீட்டில் இது சீக்கிரம் முடிகிற விஷயம். பெண்ணும் பையனும் கதவு திறந்த அறையில் கொஞ்சம் பேசுவார்கள். பட்டாபிராமன் ஹாலில் ஒரு செருமல் செருமுவார். பேச்சு முடிந்தது, எழுந்து வரலாம் என்று அர்த்தம். இதற்கு முன் வந்த வரன்களுக்கெல்லாம் காபி டம்ளர் காலியாவதற்குள் செருமியிருக்கிறார்.

இன்று வேலை நடுவில் எப்படிச் செருமுவது?

லேப்டாப்பின் முதுகுதான் ஹாலுக்குத் தெரிந்தது. அதன் பின்னால் இரண்டு தலைகள் குனிந்திருந்தன.

"எழுத்து மட்டும் வருது பாருங்க. இங்கே டிரைவர் பேரை மாத்தணும்."

"மாத்திட்டு?"

"ரீஸ்டார்ட்."

கொஞ்ச நேரத்தில் இருவர் முகத்திலும் வெளிச்சம் அடித்த மாதிரி இருந்தது. "வந்துடு..." என்று ஆரம்பித்த முகுந்தன், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"என்ன தம்பி?"

லேப்டாப்பின் பின்னால் இரண்டு தலைகளும் இன்னும் தாழ்ந்தன. "இல்ல சார். போயிடுச்சு."

அதற்கப்புறம் ரீஸ்டார்ட் மேல் ரீஸ்டார்ட். "மறுபடியும் கறுப்புதான்ப்பா" என்று ஸஹானாவே அவ்வப்போது குரல் கொடுத்தாள். நடுவில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம், அவனுக்குப் பிடிக்காத முள்ளங்கி சாம்பார் என்று ஏதேதோ காதில் விழுந்தது. மெஷின் கிளம்பி வரும்வரை சும்மா உட்கார முடியுமா, பாவம்.

பொழிச்சலூரிலிருந்து மகனோடு வந்திருந்த அபிதகுஜாம்பாள் இரண்டாவது காபியையும் குடித்து முடித்தாள்.

"வேற ரிப்பேர் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க சார். மிக்ஸி, கிரைண்டர்... இதுக்குன்னு இன்னொரு தடவை வர வேண்டாம் பாருங்க."

பட்டாபிராமனின் மனைவி நாகலக்ஷ்மி அவரை ஒரு முறை முறைத்தாள். அவர் எழுந்து உள்ளறை வாசலுக்குப் போனார்.

"போதும் தம்பி, விட்டுடுங்க."

முகுந்தன் லேப்டாப்பை மெதுவாக மூடினான். "ஸாரி சார். டிரைவர் ஒத்துவரலை."

அவர் பயந்தபடியே ஆகிவிட்டது. இவனும் சேலையூர்க் கேஸ்தான். இவனுக்காகவா இத்தனை நேரம் கூச்சப்பட்டோம் என்று அவருக்குக் கோபம்கூட வந்தது.

வாசலில் எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டார்.

"தம்பி, ஆபீஸ் ஐடி கார்டு இருந்தா கொஞ்சம் காட்டறீங்களா?"

அபிதகுஜாம்பாளின் கை கேட்டின் தாழ்ப்பாளிலேயே நின்றது. முகுந்தனுக்குக் காது மடல் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவன், கதவோரம் நின்ற ஸஹானாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஞாயித்துக்கிழமை, எடுத்துட்டு வரலை சார்."

"ஆட்டோ நிக்குது, வாடா போலாம்," என்றாள் அவன் அம்மா. யாரும் போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.

ஆட்டோ தெருமுனை தாண்டியதும் நாகலக்ஷ்மி ஆரம்பித்தாள். "வீட்டுக்கு வந்தவங்களை இப்படியா கேட்பாங்க? எனக்கே உடம்பு கூசுது."

"ஒரு பழைய லேப்டாப்பைச் சரி பண்ணத் தெரியலை. அவன் சாஃப்ட்வேராம். வேண்டாம்மா நமக்கு. அவன்கிட்டயே போன்ல சொல்லிடறேன்." செல்போனை எடுத்து நம்பரை அழுத்தினார். மணி அடிக்க ஆரம்பித்தது.

ஆட்டோ கிளம்பியதுமே உள்ளே போன ஸஹானா எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். இப்போது லேப்டாப்பைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள். திரை பளிச்சென்று, வண்ண வண்ணமாக எரிந்தது.

"நீயா சரி பண்ணினே?"

"அவர்ப்பா. முதல் காபி ஆறுறதுக்குள்ளேயே பண்ணிட்டார்." அவள் கண் கலங்கியிருந்தது. "சரியாயிடுச்சுன்னு தெரிஞ்சா நீங்க செருமிடுவீங்கன்னு, நான்தான் பழையபடி கறுப்பாக்கச் சொல்லிக் கெஞ்சினேன். வாசல்ல நீங்க அப்படிக் கேட்டும் என்னைக் காட்டிக் கொடுக்காம போயிட்டார்."

"ஹலோ, சொல்லுங்க சார்," என்றது போனில் முகுந்தனின் குரல்.

பட்டாபிராமனுக்கு வந்தது ஒரு செருமல்தான்.