மச்சினன் வேலை செய்த கூடு

போன வருஷத்துக் கூட்டை ஆள் வைக்காமல் தானே புதுப்பித்துவிடுவது என்று முடிவு செய்தார் பொன்னுரங்கம் காக்கா. பொண்டாட்டி முட்டையிட இன்னும் இரண்டே நாள்.

"கூடமாட ஒத்தாசைக்கு என் தம்பி வருவான்" என்றாள் பொண்டாட்டி.

வந்தான். அவர் முன்பக்கம் சுள்ளி அடுக்க அடுக்க, மச்சினன் சளைக்காமல் கொண்டுவந்து கொடுத்தான். ஒவ்வொன்றும் அளவெடுத்தாற்போல் வளைந்திருந்தது.

"எங்கடா மாப்ளே கிடைக்குது, இவ்வளவு சீக்கிரமா?"

"பக்கத்துலதான் மாமா. நீங்க வேலையைப் பாருங்க."

சாயங்காலம் முன்பக்கம் கோட்டை மாதிரி நின்றது. பெருமையோடு சுற்றிவந்து பார்த்தால், பின்பக்கத்தையே காணோம். மச்சினன் அத்தனை சுள்ளியையும் அங்கேயிருந்துதான் உருவியிருந்தான்.

பொன்னுரங்கம் அலகைத் திறப்பதற்குள் பொண்டாட்டி முந்திக்கொண்டாள். "பிள்ளை ஆசையா செஞ்சிருக்கான். ஒண்ணும் சொல்லிடாதீங்க. நல்லா காத்தோட்டமாத்தானே இருக்கு?"



மறுநாள், வருஷம் தவறாமல் அந்தக் கூட்டில் திருட்டு முட்டையிடும் குயில் வந்தது. முன்னால் பார்த்தது, பின்னால் பார்த்தது.

"பெத்த பிள்ளையைக் கண்டவங்க வீட்டுல போட்டுட்டுப் போறவதான் நான், ஒத்துக்கிறேன்," என்றது. "அதுக்காக இந்த வீட்டுலயா?"