தொட்டில் கொக்கி

கொத்தனார் வாசலில் செருப்பைக் கழற்றியதும் அவளுக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது.

சுயம்பு அண்ணாச்சி.

தூத்துக்குடியில் வேறு கொத்தனாரே இல்லையா? வீடு வாங்க வந்தவர்கள் இவரையா கூட்டி வர வேண்டும்!

போன மாதம் இதே மனிதர் இதே வாசலில்தான் செருப்பைக் கழற்றினார். உள் அறையின் மேல் தளத்தைச் சுரண்டி, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். அவளையும் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

உப்பு.

கட்டியவன் கடல் மணலைக் கலந்திருக்கிறான். உள்ளே கம்பியெல்லாம் துருவேறி உப்பிவிட்டது, தளத்தையே உடைத்துத்தான் போட வேண்டும் என்றார். அவள்தான் கெஞ்சினாள், வெளியே தெரியாமல் பூசிக் கொடுத்துவிடுங்கள் என்று. அவர் பூசினார். கூலி வாங்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போதும் பார்க்கவில்லை.

வாங்க வந்தவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கூட மனைவி. ஏழு மாதம். பிள்ளை பிறந்த பிறகுதான் பால் காய்ச்சிக் குடிவருவோம் என்று வந்ததும் சொல்லிவிட்டாள் அந்தப் பெண். சுயம்புவைக் காட்டி, "எங்க அப்பா வீட்டைக் கட்டுனது இவருதான். இவரு சரின்னா சரி," என்றாள்.

தேவசகாயம் கதவருகே நின்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். அவர் பயந்தால் வருகிற சிரிப்பு.

அண்ணாச்சி வாயைத் திறந்தால் போச்சு. இவர்கள் மட்டுமல்ல, ஊரில் ஒருத்தரும் இந்த வீட்டை வாங்க மாட்டார்கள். உடைத்துக் கட்ட வழியும் இல்லை. பிறகு சாகிறவரை அவளும் தேவசகாயமும் இதே தளத்துக்குக் கீழேதான்.

இரண்டு வருஷமாக இருவரும் வாசல் கதவை ஒட்டிப் பாய் விரித்துப் படுக்கிறார்கள். கதவைத் தாழ் போடுவதில்லை. ஓட வேண்டியிருந்தால் ஓடலாமே என்று.

அதற்கு முன்பு உள் அறைக் கட்டிலில்தான் படுத்தார்கள். ஒருநாள் விடிந்ததும் அவள் பால் வாங்கத் தெருமுனைக்குப் போய் வந்தாள். வந்து பார்த்தால் கட்டிலில், அவள் தலையணையில், தலை அழுந்திய குழியிலேயே கிடந்தது. பானை மூடி அகலத்துக்கு ஒரு கான்கிரீட் துண்டு.

பத்து நிமிஷம். அவ்வளவுதான்.

வாங்க வந்தவன் குழாயைத் திறந்து பார்த்தான். மாடிக்குப் போய் வந்தான். தண்ணீர் தேங்காது, வாசல் கிழக்கு, காற்று வருகிறது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

டொக். டொக்.

சுயம்பு சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார். கூடம். அடுக்களை. ஒவ்வொரு தட்டுக்கும் அவள் முந்தானையை விரலில் ஒரு சுற்று சுற்றினாள்.

உள் அறை.

சுவரைச் சுரண்டினார். விரலை நாக்கில் வைத்தார்.

எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"நல்ல ஆத்து மணலு," என்றார்.

அப்பாடா!

இயேசுவே, பிழைத்தோம். தேவசகாயம் மூச்சு விட்டது இவளுக்குக் கேட்டது. காட்டிக்கொடுத்தால் பூசினது யார் என்று அடுத்த கேள்வி வருமே. அண்ணாச்சிக்கும் பயம் இருக்கிறது. இருக்கட்டும், நல்லதுதான்.

மூலையில் இருந்த ஒட்டடைக் கம்பை எடுத்து மேல் தளத்தைத் தட்டினார் சுயம்பு. நாலு மூலையிலும் தட்டினார். நடுவில் தட்டவில்லை.

நடுவில்தான் கொக்கி இருந்தது. அதைச் சுற்றித்தான் புதுப்பூச்சும்.

அந்தப் பெண் நேராக அங்கே போய் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். ஒரு கை வயிற்றுக்குப் போனது.

"என்னங்க, தொட்டில் கட்டக் கொக்கிகூட இருக்கு பாருங்க."

அவன் ஓடி வந்து எம்பிப் பார்த்தான். எட்டவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் எம்பினான்.

 கொத்தனார் வந்ததிலிருந்து அவள் பட்ட பயமெல்லாம் ஒரு பயமே இல்லை. தலையணைக் குழி கண்ணுக்குள் வந்து நின்றது. அதில் அவள் தலை இல்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னத் தலை.

சுயம்புவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவசகாயத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று மெதுவாகத் தலையை அசைத்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

பேசாமல் இருந்துவிட்டால் போதும். அடுத்த வாரம் வேறு வீடு. கதவைத் தாழ் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

தூங்க முடியுமா?

அவள் போய் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள். நிலைப்படி வரைக்கும் இழுத்து வந்தாள். என்ன ஏது என்று புரியாமல் அந்தப் பெண்ணும் வந்தாள்.

"அண்ணாச்சி."

அவர் நிமிரவில்லை. 

"அண்ணாச்சி, அந்தக் கொக்கிக்கிட்ட ஒரு தட்டு தட்டுங்க."

 தேவசகாயத்தின் சிரிப்பு நின்றுபோனது.

சுயம்பு தலையைத் தூக்கி, முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் வெளிய போயிருங்க," என்றார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கை மறைத்துக் கட்டிக்கொண்டார்.