தட்டின் கனம்

பூவாளியை நிறைத்துக்கொண்டு வந்து அவள் ரெஜினாவின் தட்டுக்கு முன்னால் நின்றாள்.

நிழல்வலைக்குள் வேறு யாரும் இல்லை. நாற்று வளர்ப்புப் பயிற்சியின் மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் கைகால் கழுவப் போயிருந்தார்கள்.

குழித்தட்டு நிறைய மிளகாய் நாற்றுகள். ஒன்றுகூடச் சாயவில்லை.

பக்கத்தில் அவளுடைய தட்டு. பாதிக் குழிகள் காலி. மீதியில் தண்டு அடியில் நூலாக இளைத்து, நாற்றுகள் படுத்துக் கிடந்தன.

அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. வகுப்புக்கு வந்ததும் முதல் வேலை தண்ணீர்தான். குழிகளில் மண்ணுக்குப் பதில் போட்ட தென்னைநார்த் தூள் மேலே வெளுத்திருக்கும். ஊற்றுவாள். மறுநாளும் வெளுத்திருக்கும். மறுநாளும் ஊற்றுவாள்.

"செடிக்கு நீச்சல் கத்துக்குடுக்கிறியாம்மா? ஈரம் கூடித்தான் சாயுது," என்றார் சார், போன வாரம்.

எல்லோரும் சிரித்தார்கள். ரெஜினா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

ரெஜினா வருவாள். தட்டை ஒரு கையால் தூக்குவாள், இறக்குவாள். சில நாள் தண்ணீர் ஊற்றுவாள். சில நாள் ஊற்றாமலே போய்விடுவாள்.

அந்தக் கையையே அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். சாதாரணக் கை. நகத்தில் பாதி உதிர்ந்த சாயம்.

"மேலாகப் பாத்தா தெரியாதுக்கா. தூக்கிப் பாருங்க. காஞ்சுட்டா லேசா இருக்கும்." ஒருநாள் ரெஜினா தானாகவே வந்து சொன்னாள்.

அதனாலேயே அவள் தூக்கிப் பார்க்கவில்லை. முதல் ஆளாகச் சேர்ந்தவளுக்கு, பாதியில் வந்தவள் பாடம் நடத்துவதா?

நாளை விடுமுறை. திங்கட்கிழமை சார் தட்டுகளைப் பார்ப்பார். யாருடைய தட்டு நன்றாக வந்திருக்கிறதோ, அவருக்கு இந்த நாற்றுப் பண்ணையில் வேலை.

ஒரே ஒரு வேலை.

மளிகைக் கடையில் பகலெல்லாம் பொட்டலம் கட்டிவிட்டு ஓடிவருகிறவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

ரெஜினாவின் தட்டிலும் மேலே வெளுத்துத்தான் இருந்தது. இப்போது நிறைய ஊற்றினால் திங்களுக்குள் நாற்றுகள் சாயும்; யார் பார்த்தாலும் உதவி என்றே நினைப்பார்கள்.

பூவாளியைச் சாய்க்கப் போனாள்.

கீழே வைத்தாள்.

சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, ரெஜினாவைப் போலவே ஒரு கையால் தட்டைத் தூக்கினாள்.

கனத்தது.

மூலையில் காய்ந்து கிடந்த பழைய தட்டு ஒன்றைத் தூக்கினாள். எடையே இல்லை.

மறுபடி ரெஜினாவுடையதை.

மேலேதான் வெளுப்பு. உள்ளே அத்தனையும் ஈரம். இன்று தண்ணீர் வேண்டாம். நாளையும் வேண்டாம். கைக்கே தெரிந்தது.

இவ்வளவுதானா?



வெளியே ஹாரன் சத்தம். பையைத் தோளில் மாட்டியபடி ரெஜினா வலைக்கு அப்பால் ஓடினாள்.

"பஸ் வந்துருச்சுக்கா! என் தட்டைக் கொஞ்சம் பாருங்களேன். காஞ்சிருந்தா ஊத்திருங்க!"

தட்டு இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"காஞ்சுதான் இருக்கு," என்றாள்.

"ஊத்திருங்கக்கா. புண்ணியமாப் போகும் உங்களுக்கு!"

பேருந்து கிளம்பிப் போனது.

தட்டை மெல்ல இறக்கி வைத்தாள். பூவாளியை எடுத்தாள்.

அதுவும் கனத்தது.