ஒன்றாம் நம்பர் கோப்பை

நாக்கு சார் ஐந்தாவது கோப்பையையும் துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டு, "அடுத்ததைக் கொண்டாங்கம்மா" என்றார்.

துப்புவதுதான் அவர் வேலை. சூப்பர் மார்க்கெட்டின் சொந்தப் பெயரில் எந்த வாசனை டீ பேக் வந்தாலும், மூன்றாம் மாடியில் இந்த வெள்ளை அறையில் அவர் நாக்கைத் தாண்டித்தான் அலமாரிக்குப் போக முடியும். அவர் சரி என்றால் எண்பது கிளைகளில் அடுக்குவார்கள். வேண்டாம் என்றால் மேனேஜர்கூட ஏன் என்று கேட்பதில்லை.

அவள் அந்த அறையில் பதினோரு வருடமாக டீ போடுகிறவள். டீ பேக்கை மூன்று நிமிடம் ஊறவைப்பது, கோப்பையில் நம்பர் ஒட்டுவது, கழுவிக் கவிழ்ப்பது. போன வருடம் இன்னொரு வேலையும் சேர்ந்தது. "என் எதிர்ல உக்காந்து நீங்களும் ஒரு வாய் குடிங்கம்மா. தனியா குடிச்சா என்னமோ மாதிரி இருக்கு" என்று அவரே கேட்டிருந்தார். வீட்டில் பெருமையாகச் சொன்னபோது கணவன் சிரித்தான். "டீ போடப் போனவளை ஜட்ஜ் ஆக்கிட்டாங்க."

அவள் தட்டைத் தூக்கி வந்தாள். மீதி இருந்தவை இரண்டு கோப்பைகள், இரண்டும் ஆரஞ்சு டீ. மேனேஜரின் பட்டியல்படி ஆரஞ்சு வரிசையில் ஒன்றாம் நம்பர் ஒரு பெரிய கம்பெனியுடையது. இரண்டாம் நம்பர் அவள் தங்கையுடையது. அக்கா தங்கை என்பது இங்கே யாருக்கும் தெரியாது.

தங்கை வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து வீட்டு பால்கனியில் ஆரஞ்சுத் தோலைக் காயவைத்து, சாப்பாட்டு மேசையிலேயே டீ பேக் கட்டுகிறாள். கட்டில், தலையணை, பிள்ளைகளின் பள்ளிச் சட்டை, எல்லாவற்றிலும் ஆரஞ்சு வாசனை. டீயில் மட்டும்தான் இல்லை.

காலையில் நாக்கு சார் வருமுன் அவள் இரண்டையும் போட்டுக் குடித்துப் பார்த்திருந்தாள். கம்பெனி டீ வாய் நிறைய மணந்தது. தங்கையுடையது, வெந்நீருக்கு ஆரஞ்சைத் தூரத்தில் நின்று காட்டியதுபோல் இருந்தது. அவள் வாசலை ஒரு முறை பார்த்தாள். பிறகு கோப்பைகளின் நம்பர் ஸ்டிக்கர்களை மாற்றி ஒட்டிவிட்டாள்.

நாக்கு சார் முதலில் இரண்டாம் நம்பரை உறிஞ்சினார். அவளும் குடித்தாள். அந்த நல்ல டீ, திருடித் தின்ற பண்டம்போல் தொண்டையில் நின்றது. அவளால் நிமிர முடியவில்லை.

அடுத்து ஒன்றாம் நம்பர். தங்கையின் டீ. எல்லா பேக்கிலும் நூல் கொஞ்சம் கோணலாகக் கட்டியிருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போதும் தங்கையின் ஷூ லேஸ் இப்படித்தான் இருக்கும். அக்கா குனிந்து கட்டிவிட வேண்டும். குடிக்கும்போது அவளையறியாமல் கண் மூடியது.

நாக்கு சார் பேனாவை எடுத்தார். "ஒண்ணாம் நம்பர்தான். சந்தேகமே இல்ல. ரெண்டாவது வேண்டாம்."

அவர் தேர்ந்தெடுத்தது தங்கையின் டீ. ஆனால் அந்த நம்பருக்கு நேரே பட்டியலில் இருப்பது கம்பெனியின் பெயர். ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருந்தால் தங்கை ஜெயித்திருப்பாள்.

கோப்பைகளைக் கழுவும்போது போன் அதிர்ந்தது.

"அக்கா, என்ன ஆச்சு? துப்பிட்டாரா?"

"எல்லாத்தையும்தான்டி துப்புவார்."

"நீ குடிச்சுப் பார்த்தியா? உனக்குப் பிடிச்சுதா? எனக்கு அது போதும்க்கா."

அவள் போனை வைத்தாள். கூடப்பிறந்தவள் கைமேல் தனக்கே நம்பிக்கை இல்லாமல் போயிற்றே என்று நினைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நாக்கு சார் மேசைமுன் போய் நின்றாள். மேனேஜருக்குப் போகும் முடிவுக் கவர் இன்னும் ஒட்டப்படாமல் இருந்தது.

"சார், ஒரு தப்புப் பண்ணிட்டேன். ஆரஞ்சு ரெண்டுலயும் ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டேன். நீங்க நல்லாருக்குன்னு எழுதினது என் தங்கச்சியோடது."

அவர் நிமிர்ந்தார். "தங்கச்சியா? தெரிஞ்சேவா மாத்துனீங்க?"

"தெரிஞ்சேதான் சார். காலைல குடிச்சுப் பார்த்தேன், எனக்கு அவ டீ நல்லாவே இல்ல. தோத்துடுவாளேன்னு பயந்துட்டேன். என்னை வேலையை விட்டு நிறுத்திடுங்க, பரவாயில்ல. ஆனா பேரை மட்டும் திருத்திடுங்க. உங்க நாக்கு பொய் சொல்லாது. எனக்குத்தான் ருசி தெரியல."

அவர் திட்டவில்லை. அவர் முகம்தான் வெளுத்துப்போனது. பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"நிஜமாவே நல்லா இல்லையாம்மா?"

"எனக்கு அப்படித்தான் சார் பட்டுது."

"அப்புறம் ஏன் கண்ணை மூடிக் குடிச்சீங்க? உதட்டுல சிரிப்புகூட இருந்துச்சே?"

"அவ ஞாபகம் வந்துடுச்சு சார். அதுக்கும் டீக்கும் என்ன?"

நாக்கு சார் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தவர், அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே பேசினார்.

"எனக்கு ருசி, வாசனை ரெண்டும் போய் ஒரு வருஷமாச்சு. உங்க முகத்தைப் பார்த்துத்தாம்மா எழுதிட்டிருக்கேன்."