தாழ்வான டிக்கி

"டிக்கி எவ்வளவு தாழ்வா இருக்கு? அதை முதல்ல காட்டுங்க" என்றாள் குனில்லா.

ஸ்வீடனின் கோதன்பர்க் நகரக் கார் ஷோரூமில் விற்பனையாளர் சிரித்தார். சின்ன எஸ்யூவி வாங்க வருகிறவர்கள் உயரத்தைத்தான் கேட்பார்கள்.

"எங்க நாய் சிக்ஸ்டனுக்கு இடுப்பு வலி" என்று விளக்கினான் அவள் கணவன் ஹோக்கன். "பழைய வண்டியில ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கினாத்தான் ஏறுவான்."

அவளுடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு அவன் தரும் பரிசு இது. அவள் பெயரில்தான் பதிவு. எல்லாம் அவள் இஷ்டம்.

"பொத்தானை அமுக்கினா டிரைவர் சீட் உங்க உயரத்துக்கு வந்துடும். ரெண்டு பேருக்கும் பதிஞ்சு வெச்சிடவா?" என்றார் விற்பனையாளர்.

"எனக்கு மட்டும் போதும்."

"படகு இழுக்கப் பின்னால கொக்கி?"

"வேண்டாம்."

ஹோக்கன் பதறினான். "ஏய், அப்ப என் படகு?"

"பழைய வண்டி இருக்குல்ல? அதை நீ வெச்சுக்க."

என்ன சிக்கனம்! அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

சனிக்கிழமை வண்டி வாசலுக்கு வந்தது. பழக்கதோஷத்தில் நாயைத் தூக்கக் குனிந்தான் ஹோக்கன். அதற்குள் சிக்ஸ்டன் வாலை ஆட்டிக்கொண்டு தானே டிக்கியில் ஏறிவிட்டது.

"பாத்தியா குனில்லா!" என்று கைதட்டினான்.

அவள் வீட்டுக்குள்ளிருந்து இரண்டு பெட்டிகளை இழுத்து வந்து நாய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கோடை வீட்டுக்கா? சொல்லவே இல்லையே! இரு, ஷூ மாட்டிக்கிட்டு வந்துடறேன்."

"நீ வர வேண்டாம் ஹோக்கன். நான் எப்பவோ போயிருப்பேன். இவனைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டியிருந்துச்சு, அவ்வளவுதான்."