அர்த்தம் சொல்லாத சொல்

“ஐ ஆம் ஹிஸ் ரெலிக்ட்” என்று எழுந்து நின்று சொன்னாள், ஓர் எழுத்துப் பிசகாமல்.

மாலை நேர ஆங்கில வகுப்பில் கடைசி பெஞ்சு வரை கைதட்டல்.

அங்கே அவளுக்கு ‘அகராதி அக்கா’ என்று பெயர். பகலெல்லாம் ஆல்டரேஷன் கடையில் பேண்ட்டுகளின் உயரத்தைக் குறைத்துக்கொண்டிருப்பவள், சாயங்காலமானால் யாரும் கேள்விப்பட்டிராத ஓர் ஆங்கிலச் சொல்லோடு வந்து நிற்பாள்.

எல்லாம் புருஷன் தயவு. அவர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். மற்ற புருஷன்மார் கையில் ஏதாவது பொட்டலத்தோடு வீடு திரும்புவார்கள். இவர் வழக்கொழிந்துபோன வார்த்தை ஒன்றோடு வருவார்.

திங்கட்கிழமை ‘ஸ்லக்அபெட்’. விடிந்தும் படுக்கையை விட்டு எழாத ஆசாமி. கூடப் படிக்கும் லிஃப்ட் மெக்கானிக் அதை அங்கேயே தனக்குப் பட்டமாக எடுத்துக்கொண்டான்.

நேற்று ‘ஓவர்மாரோ’. நாளை மறுநாள். “நல்லா இருந்த வார்த்தையை எதுக்கு டீச்சர் தூக்கிப் போட்டாங்க? நாம ‘நாளன்னிக்கு’ன்னு இன்னும் பத்திரமா வெச்சிருக்கோமே!” என்று பேக்கரிப் பெண் அங்கலாய்த்தாள்.

இன்று ‘ரெலிக்ட்’.

“கேக்கவே கிளுகிளுப்பா இருக்கே அக்கா! மாமா ரொமான்ஸ்ல இறங்கிட்டார் போல” என்றான் மெக்கானிக்.

அவளுக்கும் உள்ளூர அந்த நினைப்புதான்.

சற்று முன் அவளைக் கொண்டுவந்து விட்டபோது, புருஷன் வகுப்பு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டார். வழக்கமாகச் சொல்லையும் அர்த்தத்தையும் சேர்த்தே தருகிறவர், இன்று மட்டும் “டீச்சரைக் கேளு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த வயதில் வெட்கமாக்கும் என்று அவள் சிரித்துக்கொண்டே படியேறினாள்.

டீச்சருக்கும் தெரியவில்லை. செல்போனில் தேடினாள். சின்னப் பெண். மனதில் ஓடுவது முகத்தில் அப்படியே தெரிந்துவிடும்.

“அக்கா, நீங்க சரியாத்தான் கேட்டீங்களா? வேற ஏதாவது வார்த்தையா இருக்கப்போகுது.”

“அவர் எழுத்துக் கூட்டிச் சொன்னார் டீச்சர். சும்மா சொல்லுங்க.”

“பழைய காலத்துல… ஒருத்தர் செத்துப்போனா, அவர் விட்டுட்டுப் போன சம்சாரத்தை இப்படிச் சொல்வாங்களாம்.”

பேக்கரிப் பெண் குனிந்து நோட்டைப் புரட்டினாள்.

மெக்கானிக்தான் சமாளித்தான். “மாமாவுக்குக் குசும்பு ஜாஸ்தி!”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

ஒரு கமா இடம் மாறினால்கூடத் தூக்கம் வராத மனிதர் அவர். விளையாட்டுக்கென்று ஒரு சொல்லைத் தப்பாகத் தருவாரா?

போன வாரம் ஸ்கேன் முடிவை வாங்க அவர் தனியாகத்தான் போனார். “வெறும் வாய்வு” என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவளுக்கு வேறு பாடங்கள் ஆரம்பித்தன. கேஸ் சிலிண்டர் மாற்ற, தண்ணீர் மோட்டாரைச் சரிபார்க்க, ஃப்யூஸ் கட்ட. “இதெல்லாம் கத்துக்கிட்டு நான் என்ன கடையா போடப்போறேன்?” என்று அவள் எரிந்து விழுந்தாள்.

அவர் டார்ச்சை அவள் கையில் திணித்துவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்தார். இருட்டில் யார் துணையும் இல்லாமல் செய்து பழக வேண்டுமாம்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். டீச்சர் ஏதோ சொன்னது காதில் விழவில்லை.

வராந்தாவில் நின்று போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார், கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மாதிரி.

அவள் வாய் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

“டீச்சர் அர்த்தம் சொன்னாங்களா?”

“ம்.”

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு.

“எனக்கு அதைத் தமிழ்ல சொல்ல வாய் வரலம்மா.”